மொட்டை வண்டி

நான் இருந்தேன். என் வீட்டுக்காரி தெய்வானை இருந்தாள், சமையல்கட்டு வாசப்படியில், மடியில் அவரைக்காய் வட்டலோடு. வண்டியை வாங்கிப் போகப் பெங்களூரிலிருந்து வந்த தம்பி இருந்தார். ஏற்றிப் போகிற லாரியின் டிரைவர் இருந்தார். ஏற்றும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அவர் செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக் காளிமுத்து இருந்தான். மொத்தம் ஐந்து பேர். போன புதன்கிழமை, துடியலூரில், என் ஷெட்டுக்கு முன்னால்.

காலையிலேயே வண்டியை வெளியே தள்ளி வெயிலில் நிறுத்தியிருந்தோம். தம்பி அதை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு என்னைக் கேட்காமலே முன்கண்ணாடிக்கு மேலிருந்த இரண்டு கொக்கியையும் விட்டு, துணிக்கூரையைப் பின்னால் மடித்துவிட்டார். "சித்தெ இருங்க தம்பி, அதுக்கு ஒரு முறை இருக்குது" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மடங்கிவிட்டது. பின்பக்கத்துப் பிளாஸ்டிக் தாள் உடையவில்லை. விரிசல் விழவில்லை. ஒன்றும் ஆகவில்லை.

"சூப்பரா இருக்கு அங்கிள்" என்றார்.

கூரை மடங்கினதும் ஒரு வாசம் வந்தது. தார்ப்பாய் மெழுகு, பெட்ரோல், அதற்கடியில் எப்போதோ காய்ந்துபோன சம்பங்கி. அந்த வாசம் மூக்கை விட்டுப் போகவில்லை, அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எட்டாவதோடு நின்றவன் நான். லேத்துப் பட்டறைக்காரன் கையில் பேனா நிற்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குப் பம்பு ரிப்பேருக்குப் போனபோது அந்த வண்டியைப் பார்த்தேன். தொண்ணூற்றிரண்டு என்று ஞாபகம். பழைய துரை ஒருவர் விட்டுப்போனது. சிவப்பு. இரண்டே சீட்டு. சக்கரத்துக்கு சைக்கிள் போலக் கம்பி. மூக்கு நீளம், முதுகு கட்டை. கூரை நார்நாராகத் தொங்கியது, சீட்டில் கோழி முட்டை வைத்திருந்தது. பேர்த் தகடு விழுந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் அதுபோல இன்னொன்றை நான் பார்த்ததில்லை. பட்டறையில் சும்மா கிடந்த ஒரு லேத்தை விற்று வாங்கி, லாரியில் போட்டு மலையிறக்கினேன். ஏன் வாங்கினேன் என்று கேட்காதீர்கள். தெய்வானை கேட்டாள். அவளுக்கே நான் பதில் சொல்லவில்லை.

ஊரில் பேசினார்கள். "மேல கூரையுமில்ல, பின்னால சீட்டுமில்ல. இதென்னுங்க மொட்ட வண்டி?" அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. இன்னொன்றும் சொன்னார்கள். "அவுங்களுக்கென்ன, ரெண்டே பேரு. ரெண்டு சீட்டு போதுமே." அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். குழந்தை இல்லை.

அந்த வண்டிக்கு உதிரிபாகம் எங்கேயும் கிடைக்காது. கோயமுத்தூரில் அது பெரிய குறையில்லை. உடைந்த தண்ணீர் பம்பைக் கணபதியில் ஒரு பவுண்டரியில் கொடுத்து வார்த்து வாங்கினேன். லேத்தில் கடைசலை நானே பிடித்தேன். கிணற்று மோட்டாருக்குப் போடுகிற சீல் அதில் அச்சாக உட்கார்ந்தது. விசிறி பெல்ட்டுக்கு மட்டும் ஒரு வாரம் அலைந்தேன். தெய்வானைதான் சொன்னாள்: "நம்ம கிரைண்டர் பெல்ட்ட மாட்டிப் பாருங்களே." மாட்டினேன். ஓடியது. அன்றைக்கு வீட்டில் மாவாட்டவில்லை. எஞ்சினிலிருந்து எண்ணெய் சொட்டுவதை மட்டும் கடைசிவரை என்னால் நிறுத்த முடியவில்லை. அவளுடைய பழைய போசி ஒன்றை வாங்கி அடியில் வைத்தேன். சாம்பார் வைத்த போசி.

கூரைக்கு, உக்கடத்தில் லாரித் தார்ப்பாய் தைக்கிற பாயிடம் போனேன். அளவெடுக்க வந்தவர் வண்டியைப் பார்த்துச் சிரித்தார். "ஒரு லாரிக்குத் தெச்ச மிச்சம் போதுமுங்க இதுக்கு" என்றார். நன்றாகத்தான் தைத்தார். பின்னால் பார்வை தெரியக் கனமான பிளாஸ்டிக் தாள் ஒன்றை வைத்தார்.

"துணி உங்க ஆயுசுக்கும் வருமுங்க. இந்தத் தாளுதான். மடிக்க மடிக்க விரிசல் உழுகும். ஒரு முப்பது தடவ தாங்குமுங்க."

அவர் பேச்சுவாக்கில் சொன்னார். நான் அதை அளவாக எடுத்துக்கொண்டேன். பட்டறையில் ஒரு நூல் அளவு கூடினாலும் வேலை திரும்பி வந்துவிடும். அந்தப் புத்தி. அன்றிலிருந்து கூரையை மடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஷெட்டுச் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டேன்.

மடிப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். அரை மணி நேரம் வெயிலில் நிறுத்த வேண்டும். தாள் இளகினதும் ஒரு பக்கம் நான் பிடிப்பேன், மறுபக்கம் தெய்வானை. தாளுக்கு நடுவில் பழைய வேட்டியை விரித்து, அதோடு சேர்த்து மடிப்போம். "மெதுவா" என்பேன். "மெதுவாத்தானுங்க" என்பாள். அந்த வருடங்களில் எங்களுக்குள் அதிகமாக நடந்த பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

முதல் கோடு காளிமுத்துவுக்கு. அவன் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும் என்றார்கள். பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபம் வரைக்கும். மடித்த கூரைமேல் பவானி ஜமுக்காளம் விரித்து மாப்பிள்ளையை உட்காரவைப்போம். அவர் கால் சீட்டில் இருக்கும். மாலைச் சம்பங்கியெல்லாம் உள்ளே உதிரும். முன்னால் மேளம். ஓட்டுவது நான். ஓட்டுவதென்ன, கூட நடப்பதுதான். வேகத்துக்கென்று செய்த வண்டி அது. என்னிடம் வந்து மேளக்காரர் பின்னால் நடந்தது.

அதற்கப்புறம் வரிசையாகக் கேட்டார்கள். "ஏனுங்க, பையனுக்குத் தையில வெச்சிருக்கறமுங்க. உங்க மொட்ட வண்டி வந்தாத்தானுங்க ஒரு களை." எல்லாம் சொந்தம், பழக்கம். எனக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. வெளியாளிடம் சொல்ல வராது.

அன்னூரில் ஒரு கல்யாணம். பாதி வழியில் பெல்ட் அறுந்து ரேடியேட்டர் கொதித்தது. மேளம் நிற்கவில்லை. "மாப்ள ஆவி பறக்க வாராருங்கோ!" என்று ஒருத்தன் கத்தினான். நான் மண்டபத்துக்கு ஓடி, சமையல்கட்டில் மாவாட்டிக்கொண்டிருந்த கிரைண்டரை நிறுத்தி, அதன் பெல்ட்டைக் கழற்றி வந்து மாட்டினேன். மாப்பிள்ளை போய்ச் சேர்ந்தார். மறுநாள் காலைப் பந்தியில் உப்புமா. பெண் வீட்டுப் பெரியவர் இலையைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இட்லி எங்கீங்க?" என்றார். சமையல்காரர் கரண்டியை வெளியே நீட்டிக் காட்டினார்.

"அதா, அந்தக் காருல மாட்டியிருக்குதுங்க."

வீட்டுக்கு வந்து தெய்வானையிடம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் அந்தக் கல்யாணத்துக்கு வரவில்லை. கல்யாணங்களுக்கு வருவதை அப்போதே குறைத்துக்கொண்டிருந்தாள். மஞ்சள், குங்குமம் என்று முன்னால் நிற்கிற காரியத்துக்கு அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். ஏன் வரவில்லை என்று நான் கேட்டதில்லை. கூரையை மடிக்க மட்டும் மறுபக்கம் வந்து நிற்பாள்.

அவள் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரி. அந்த ரோட்டில் அப்போது இரண்டு பக்கமும் புளியமரம். மேலே கிளையும் கிளையும் பின்னிக் கிடக்கும். மொட்டை வண்டியில் மூன்று தடவை அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறோம். கூரையை மூடித்தான்.

"போசிக்குள்ள ஒக்காந்தாப்பல இருக்குதுங்க. ஒருக்கா தொறந்துட்டுப் போலாமுங்க. தலையச் சாச்சுட்டுப் புளியமரத்தக் கீழ இருந்து பாக்கோணும்."

"பாக்கலாம்" என்றேன்.

இன்னொரு நாள், ஏதோ ஒரு மாப்பிள்ளைக்காக மடித்துக்கொண்டிருந்தபோது, மறுபக்கத்திலிருந்து சொன்னாள்: "ஊரான் ஊட்டு மாப்பிள்ளைக்கெல்லாம் மடங்குதுங்க. எனக்கு மட்டும் மடங்காதாக்கும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"செவுத்தப் பாத்தியா? மிச்சம் கம்மி."

பிறகு ஒரு ஆடி மாதம். ஆடியில் கல்யாணம் கிடையாது. வண்டி சும்மா நின்றது.

"ஏனுங்க, இந்த மாசம் யாரும் கேக்க மாட்டாங்க. பொள்ளாச்சி போயிட்டு வரலாமுங்களா? தொறந்துட்டு?"

"ஆடிக் காத்து. தாளு தாங்காது. ஆவணில நாலு கல்யாணம் இருக்குது."

"சரிங்க."

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. தேடியிருந்தால் வேறு தாள் கிடைத்திருக்கும். நான் தேடவில்லை. அந்த வாரமே காங்கேயத்தில் ஒரு எண்ணெய் மில்லுக்கு ஷாப்ட் வேலை வந்தது. போய் இரண்டு நாள் தங்கிவிட்டேன்.

கோடு முப்பதை நெருங்கியதும் அடுத்துக் கேட்டவரிடம் கூரை கிழிந்துபோச்சு என்று பொய் சொன்னேன். தொண்ணூற்றொன்பது அது. மிச்சத்தை எதற்கு வைத்துக்கொண்டேன் என்று தெரியவில்லை. அதற்குள் ஊரிலும் மாறிவிட்டது. குதிரை வண்டி வந்தது, லைட்டு போட்ட ரதம் வந்தது, பிறகு அழைப்பே பாதி வீடுகளில் நின்றுபோனது. பாய் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். கணபதி பவுண்டரி வீட்டுமனையாகிவிட்டது. பொள்ளாச்சி ரோட்டை அகலப்படுத்தினார்கள். புளியமரம் ஒன்றுகூட இல்லை. வண்டி ஷெட்டிலேயே நின்றது. வருடத்துக்கு ஒரு தடவை கூரைக்கு மெழுகு தேய்ப்பேன், தாளை ஈரத்துணியால் துடைப்பேன். திறந்ததில்லை. இப்போது எனக்கு முட்டி மடங்குவதில்லை. உள்ளே இறங்கி உட்கார முடியாதவனுக்கு எதற்கு வண்டி? அதனால் விற்றேன்.

புதன்கிழமை, லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் அந்தத் தம்பி தெய்வானையைக் கூப்பிட்டார். "ஆன்ட்டி, வந்து உக்காருங்க. ஓப்பன்ல ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

"வேணாமுங்க தம்பி. அவரக்கா கெடக்குது" என்றாள். நார் உரிக்கிற கை நிற்கவில்லை.

லாரி போன பிறகு நானும் காளிமுத்துவும் காலி ஷெட்டுக்குள் நின்றோம். எண்ணெய்க் கறை இருந்தது. போசி இருந்தது. சுவர் இருந்தது. அவன் விளையாட்டாக மாப்பிள்ளைகளை எண்ண ஆரம்பித்தான். "மொதல்ல நானு. அப்பறம் எங்க மச்சான். அப்பறம் அன்னூர் இட்லி மாப்ள..." விட்டுப்போனவர்களை நான் எடுத்துக் கொடுத்தேன். விரல் மடக்கி மடக்கி இருபத்தெட்டில் வந்து நின்றது. இரண்டு தடவை எண்ணினோம். இருபத்தெட்டு. கல்யாணம் தவிர அந்தக் கூரையை நான் மடித்ததில்லை. சுவரில் ஒரு கோடு அதிகமாக இருந்தது.

"எதையோ ரெண்டு தடவ போட்டுட்டீங்களாட்ட இருக்குதுங்ணா" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

நான் ஒன்றை இரண்டு தடவை போடுகிறவன் இல்லை. சமையல்கட்டுப் பக்கம் போனேன்.

"செவுத்துல கோடு ஒண்ணு அதிகமா இருக்குது."

"அது நான் போட்டதுங்க" என்றாள் தெய்வானை.

எப்போது என்று கேட்டேன்.

"நீங்க காங்கேயம் போயிருந்தீங்களே, அந்த ஆடில. அன்னிக்கு வெயிலே இல்ல. துணியச் சுடுதண்ணில நனச்சுத் தாளுக்கு ஒத்தடம் குடுத்தேன். ஒத்தையாளா மடிக்கறதுக்குள்ள கை உட்டுப்போச்சுங்க. ஷெட்டுக்குள்ளயேதான். சித்தெ நேரம் ஒக்காந்திருந்துட்டு மூடிப்போட்டேன்."

"எங்கிட்டச் சொல்லலையே."

"அதான் கோடு போட்டனே. உங்க கணக்குத் தப்பீரக் கூடாதில்லீங்க."

"மேல பாத்தா என்ன தெரிஞ்சுது?" என்றேன்.

"சிமெண்டு அட்டைதானுங்க."

வட்டலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுப்புப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது. நான் மறுபடியும் ஷெட்டுக்குப் போனேன். அவள் போட்டது எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாக் கோடும் ஒரே உயரம், ஒரே அழுத்தம். என்னைப் போலவே போட்டிருக்கிறாள். காலையில் தம்பி மடித்ததற்கு யாரும் கோடு போடவில்லை. கடைசியிலிருந்து எண்ணினேன்.

இருபத்தொன்பது.