எல்லாம் பச்சை

"ஆப்ல போட்டியா?"

வாயில் பிரஷ் இருக்கும்போதே அம்சவேணி இதைக் கேட்டுவிடுவாள். மகள் அபூர்வா வந்து "அம்மா, பால் தீந்துபோச்சு" என்றால், பால் தீர்ந்த சேதி பதிவாகியிருக்கிறதா என்று போனைத்தான் முதலில் பார்ப்பாள். ஷிப்ட் முடிந்து விமான நிலையத்திலிருந்து வந்த கணவர் ஜெயகிருஷ்ணன், தலைவலி என்று சோபாவில் சாய்ந்தபோதும் அவருக்குக் கிடைத்தது அதே கேள்விதான்.

அம்சவேணிக்கு நாற்பத்து நான்கு வயது. வீடு தலைநகரின் துவாரகாவில், வேலை பக்கத்துக் குர்கானில், செயலிகளுக்குத் திரை வடிவமைப்பது. வீட்டில் ஒரு விஷயத்தை ஒருமுறைதான் சொல்ல வேண்டும் என்பது அவளுடைய வாழ்நாள் ஆசை. "காலையில எந்திரிச்சா ஜல்தி ஜல்தின்னு நான் ஒருத்தியே கத்தணும். என் தொண்ட என்ன லவுட்ஸ்பீக்கரா?" அந்த எரிச்சலில் பிறந்ததுதான் 'கூட்டு' என்ற குடும்பக் குறிப்பேட்டுச் செயலி. வீட்டில் உள்ள எல்லார் போனிலும் ஒரே பட்டியல். வேலை முடிந்ததும் பக்கத்திலுள்ள கட்டத்தை அமுக்கினால் டிக் விழுந்து பச்சையாகும். அமுக்கியது யார் என்று மட்டும் காட்டாது. "பேரப் போட்டா நீ செஞ்சியா நான் செஞ்சனான்னு சண்ட வரும். குடும்பத்துக்கு எதுக்குங்க அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர்?" ஆபீஸில் இதற்காக வாதாடி ஜெயித்துவிட்டு வந்து, வீட்டில் பெருமையாகச் சொன்னாள்.

ஆபீஸில் அவளுக்கு ஒரு மாதம் கெடு. முதலில் உன் வீட்டில் ஓட்டிக் காட்டு. ஓடினால் வெளியிடலாம், இல்லையென்றால் மூட்டை கட்டிவிடலாம் என்று மேலதிகாரி சுஷ்மா சொல்லிவிட்டார். கணவர், மகள், மாமனார் மாணிக்கவாசகம் மூவர் போனிலும் ஏற்றினாள். காலை ஏழு மணிக்குப் பார்த்தால் பட்டியல் முழுக்கப் பச்சை. மூன்று வாரமாக ஒரு நாள் தவறவில்லை. சுஷ்மா அதைப் பெரிய திரையில் போட்டு எல்லாரையும் கைதட்ட வைத்தார். வெளியிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் கடைசிக் கூட்டம் வரும் திங்கட்கிழமை.

ஆனால் வீட்டில் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. பட்டியலின்படி பிளம்பர் இரண்டு முறை வந்துபோயிருந்தார். காஸ் பதிவு செய்தாயிற்று என்று இருந்தது, சிலிண்டரைக் காணவில்லை. "பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமாங்க?" என்று அவள் பாய, "நான் அதத் தொடவே இல்ல வேணி" என்றார் ஜெயகிருஷ்ணன். அதையும் அவள் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை வினை முற்றியது. அபூர்வாவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். அம்சவேணி அதை முதல் நாளே பட்டியலில் போட்டுவிட்டாள். காலையில் பச்சையாகவும் இருந்தது. சாயங்காலம் நாலரைக்கு மெட்ரோவிலிருந்து மகளைக் கூப்பிட்டு, "ரசீது வந்துச்சாடி?" என்று கேட்டாள்.

"என்ன ரசீது? பச்சையா இருந்துச்சே, அப்பா பண்ணிட்டாருன்னு நான் சரோஜினி நகருக்கு டிரெஸ் வாங்க வந்துட்டேன்."

அப்பா நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார். கம்பியைப் பிடித்து நின்றபடியே, மகளிடம் விண்ணப்ப எண்ணையும் பாஸ்வேர்டையும் ஒவ்வொன்றாகக் கேட்டு, அம்சவேணி தன் போனிலேயே கல்லூரித் தளத்துக்குள் நுழைந்தாள். சிக்னல் போய்ப் போய் வந்தது. நான்கு ஐம்பத்து மூன்றுக்கு இடம் உறுதியானதும், அவள் அப்படியே கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சர்தார்ஜி எழுந்து இடம் கொடுத்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "யாரு அமுக்கினது?" என்று கேட்டாள்.

"நாந்தாம்மா" என்றார் மாணிக்கவாசகம் நிதானமாக. மத்திய சர்க்கார் அமைச்சகத்தில் முப்பத்து நான்கு வருஷம் ஃபைல் பார்த்தவர். "ஆறு மணிக்கெல்லாம் ஒண்ணு விடாம படிச்சிட்டு டிக் போட்டுடுவேன். ஒரு பேப்பர் நம்ம மேசைக்கு வந்தா, பாத்துட்டேன்னு டிக் போட்டு அடுத்த ஆளுக்குத் தள்ளணும். இல்லேன்னா நம்மகிட்டயே நிக்குதுன்னு ஆயிடுமே?"

அம்சவேணிக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. கணவர் முதல் நாளுக்குப் பிறகு அதைத் திறக்கவே இல்லை. அபூர்வா இந்த மாதம் திறந்தது அன்று காலை ஒரு தடவைதான். ராத்திரி பகலாக உட்கார்ந்து அவள் செய்ததை, தினமும் ஒரு வரி விடாமல் படித்த ஒரே ஜீவன், அதைக் குட்டிச்சுவராக்கிய இந்த மனிதர். திட்ட வாய் எடுத்தாள்.

"ஏம்மா, முதுகுவலிக்கு டாக்டரப் பாக்கணும்னு நீ போட்டத நான் மூணு வாட்டி பாஸ் பண்ணிட்டேன். இன்னுமா போகல?"

அழுகைதான் வந்தது. அந்த வீட்டில் வேறு யாரும் அதைக் கேட்கவில்லை.

அவரைப் பட்டியலிலிருந்து நீக்க மனம் வரவில்லை. ஞாயிறு காலை ஒரு தாளில் புதிய திரையை வரைந்தாள். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கட்டம்: 'பார்த்தேன்', 'முடிந்தது'. திங்கட்கிழமை இதைத்தான் காட்டப்போகிறாள். எடுத்துக்கொண்டு மாமனாரிடம் போனாள்.

"மாமா, படிச்சா மொத கட்டம். வேல முடிஞ்சாத்தான் ரெண்டாவது. செரியா?"

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். "அச்சா, இப்பத்தான் முறையா இருக்கு" என்று அவள் கையிலிருந்த பேனாவை வாங்கினார். இரண்டு கட்டத்திலும் டிக் போட்டு, அடியில் சின்னதாகக் கையெழுத்திட்டு, தேதியையும் எழுதி, தாளை அவள் பக்கம் தள்ளினார்.