பக்கத்து இருக்கைக்கும் தெரியும் படம்

ஞாயிறு காலை பதினொன்றரைக்கு, சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தில் இறங்கி சிராங்கூன் சாலைக்கு வந்தேன். முந்தைய நாள் கருத்தரங்கில் எல்சிடி திரைகளின் மின்முனை வடிவமைப்பைப் பற்றிப் பன்னிரண்டு பேருக்கு முன்னால் பேசியிருந்தேன். அதில் இருவர் ஏசிக்காக வந்தவர்கள். ஆனால் மின்முனை ஒரு சாக்கு. ஈசூனில் இருக்கும் மகளையும், இதுவரை நேரில் பார்க்காத இரண்டு வயதுப் பேத்தியையும் பார்க்கத்தான் மூவாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தேன். இரவு திரும்ப வேண்டும். பன்னிரண்டுக்கு இருவரும் இங்குள்ள ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வருவதாக ஏற்பாடு.

கடையில் வாழையிலைச் சாப்பாடு ஒன்பது வெள்ளி, இந்த ஊர் டாலர். அதே மேசையில் எதிரில் ஒரு கப்பல் பட்டறைத் தொழிலாளி, தண்ணீர்க் குவளையில் போனைச் சாய்த்து வைத்து, ஊரிலிருக்கும் மனைவியோடு பேசிக்கொண்டே சாப்பிட்டார். நான் தலையைச் சாய்த்துப் பார்த்தேன்.

“என்ன சார், என் பொண்டாட்டிய எட்டி எட்டிப் பாக்குறீங்க?”

“திரையைத்தான் தம்பி. பக்கத்துலேர்ந்து பாத்தா மங்குதான்னு. என் தொழில் அது.”

“பாத்தா பாக்கட்டும்,” என்றது போன். “நீங்க இலையத்தான பாக்குறீங்க!”

இரண்டு மின்முனைகளையும் ஒரே கண்ணாடியில், சீப்புப் பற்களைப் போல ஒன்றின் இடுக்கில் ஒன்றாக அமைத்தால், எந்தப் பக்கமிருந்தும் படம் மங்காது. பற்கள் தொட்டுக்கொண்டால் மட்டும் திரையில் அந்தப் புள்ளி செத்துவிடும். இருபது வருடமாக இதுதான் என் பிழைப்பு.

பன்னிரண்டே காலுக்கு மகள் வீடியோவில் வந்தாள். “அப்பா, பாப்பாவுக்குக் கை, காலெல்லாம் கொப்புளம். சைல்ட்கேர்ல பரவுது. வர முடியல.”

“நான் வர்றேன். வாசல்ல நின்னு பாத்துட்டுப் போறேன்.”

“அவ ஓடி வந்து கட்டிக்குவாப்பா. ஒட்டிக்கும். வேணாம்பா, ப்ளீஸ்.”

தாம்பரத்தில் என் வீட்டில் இருந்தபடியே பேசியிருக்கக்கூடிய வீடியோ காலை, விமான டிக்கெட் எடுத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி நின்று பேசினேன். போனைக் குவளையில் சாய்த்தேன். பேத்தி என்னைக் கண்டு முகம் சுளித்தாள்.

எதிரிலிருந்தவர் தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்தார்.

“பேத்தியா சார்? எந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தாலும் உங்க மூக்குதான்!”

சிரித்துவிட்டேன். அவருக்கு ஒன்றே முக்காலுக்குப் பேருந்து. கை கழுவிவிட்டுப் போய்விட்டார்.

இரவு சாங்கியில் விமானம் ஏறினேன். முன்னிருக்கையின் முதுகில் இருந்த திரையில் ஏதோ படம் ஓடியது. பழக்கத்தில் தலையைச் சாய்த்துப் பார்த்தேன், மங்கவில்லை. பக்கத்து இருக்கை காலி. அங்கே உட்கார்ந்து பார்த்தாலும் தெளிவாகத்தான் தெரியும்.