யோகராஜா திரும்பத் தட்டிய கதவுகள்

பிரான்சிலிருந்து வந்து லண்டன் இல்ஃபோர்டில் குடியேறிய யோகராஜா, பதினோரு வருடமாக வீடுகளுக்கு வயரிங் செய்பவர். வேலை முடிந்ததும் ரெஸ்ற்றர் என்ற அளவுக் கருவியை வைத்து அளந்து, எர்த், அதாவது கசியும் மின்சாரத்தைத் தரைக்குள் இறக்கும் வயர், சரியென்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அந்த ரெஸ்ற்றரையே வருடத்துக்கொருமுறை சரிபார்க்க அனுப்பவேண்டும். ஒருநாளும் பிழைவிடாத சாமானை ஏன் அனுப்பவேண்டும் என்று இரண்டு வருடம் விட்டுவிட்டார்.

பெரிய வேலையொன்றுக்கு ரெஸ்ற்றரின் சரிபார்ப்புச் சான்றிதழைக் கேட்டதால்தான் கடைசியில் அனுப்பினார். பதில் வந்தது: ரெஸ்ற்றர் மின்தடையைக் குறைத்துக் காட்டுகிறது, எப்போதிருந்து என்று சொல்ல முடியாது.

கெட்டுப்போன எர்த்தையும் அந்த ரெஸ்ற்றர் நல்லதென்றுதான் காட்டியிருக்கும். கடைசியாகச் சரிபார்த்த பிறகு வயரிங் செய்து கொடுத்தது அறுபத்துமூன்று வீடுகள். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை குளிக்கிறதோ!

"இஞ்சாருங்கோ, ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே. பேசாம இருங்கோ" என்றாள் மனைவி மேரிசாந்தி.

"நடக்கேல்லை எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

வேறொரு ரெஸ்ற்றரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். சிலர் ஏசினார்கள். ஒருவர் முறைப்பாடு செய்ய, யோகராஜாவின் மின்வேலைப் பதிவை நிறுத்திவைத்தார்கள்.

நாற்பத்தோராவது வீடு, தனியாக இருக்கும் லூர்தம்மாவுடையது. குளியலறையில் அளந்தார். எண் எல்லையைத் தாண்டி எங்கோ போய் நின்றது.

"அன்ரி, இந்தக் கரண்ட் ஷவரை இனித் தொடாதேங்கோ."

"நீதானே தம்பி சரியெண்டு எழுதித் தந்தனீ?"

குளியல் தொட்டி விளிம்பில் குந்தியிருந்து அழுதார். பிறகு எழும்பி, தளர்ந்துபோன எர்த் வயரை இறுக்கினார்.

ஆறு மாதம் கணேசலிங்கம் என்பவருக்குக் கீழே கூலிக்கு வேலை செய்தார். பதிவு திரும்பக் கிடைத்தது. இப்போது வருடாந்தச் சரிபார்ப்பைத் தவறவிடுவதில்லை. அதோடு திங்கட்கிழமைதோறும் தன் குசினிச் சுவரில் பிளக் செருகும் ஒரே சொக்கற்றை அளந்து எழுதி வைக்கிறார்; எண் மாறினால் ரெஸ்ற்றர் பிழையென்று தெரிந்துவிடும்.

"வருஷத்துக்கு ஒருக்கால் காணாதோ?" என்று கணேசலிங்கம் கேட்டார்.

"அண்ணை, பிழைச்சால் போன திங்களுக்குப் பிறகு செய்த வீடுகளுக்கு மட்டும் போனால் போதும். அறுபத்துமூண்டு வீட்டுக்கு இன்னொருக்கால் போக என்னால ஏலாது."

அந்த அறுபத்துமூன்றில் இரண்டு வீட்டுக்காரர் இன்னும் கதவு திறக்கவில்லை. அவர்களுக்கு மூன்றாவது கடிதம் போட்டிருக்கிறார். அவர்களுடைய தெருக்களால் அம்புலன்ஸ் போனால், தன் வான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, அது எங்கே திரும்புகிறதென்று பார்க்கிறார்.