கனடா பார்த்த லாரிக் கதவு

எங்கள் சித்தப்பாவின் கல்யாணப் பேச்சில் பெண்ணை நேரில் பார்த்தவர்கள் எங்கள் வீட்டில் யாருமில்லை. பெண் வீட்டாரும் மாப்பிள்ளையைப் பார்த்ததில்லை. அவர்கள் பார்த்ததெல்லாம் மாப்பிள்ளை துடைத்த ஒரு லாரிக் கதவுதான்.

எங்கள் முன்னோர் கரும்பு வெட்டக் கப்பலேறி வந்த தீவில், பா டவுனுக்கு வெளியே எங்கள் கரும்புத் தோட்டம். தோட்டம் அப்பா பொறுப்பு. கரும்பை மில்லுக்குக் கொண்டுபோகும் லாரி, அவர் தம்பியான சித்தப்பாவின் பொறுப்பு. ஒரு காலத்தில் அது சிவப்பு லாரியாம். வெயிலும் மில் கரியும் சேர்ந்து அதை வெளிறிய ரோஜா நிறமாக்கி வைத்திருந்தன. காலையில் அதில்தான் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். வழியெல்லாம் பேச்சுதான். வெளியே எல்லாரும் ஹிந்தி பேசுகிற ஊரில், அம்மா அப்பாவைத் தவிர என்னோடு தமிழில் பேசிய ஒரே ஆள் அவர். அப்பாவிடமோ பேசுவதற்கே பயம். எனக்கு உலகத்தில் சித்தப்பாவை விட்டால் வேறு ஆளில்லை.

தலைநகர் சூவாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, எங்களைப் போன்ற இந்திய வம்சத்தாருக்கு இனி இடமில்லை என்றான பிறகு ஊரில் எங்கே போனாலும் ஒரே பேச்சு: யார் கிளம்புகிறார்கள், எந்த ஊருக்கு. என் பெஞ்சில் நான்கு பேர் இருந்தோம். ஒரே வருடத்தில் இரண்டு பேர் ஆனோம். எங்கள் வீட்டிலும் ஒருவராவது வெளியே போய்க் கால் ஊன்ற வேண்டும் என்று அப்பா முடிவு கட்டினார். அந்த ஒருவர் யார் என்பதில் சித்தப்பாவை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

வான்கூவரில் காரைக் கழுவிப் பளபளப்பாக்கித் தரும் கடை வைத்திருந்த ஒருவருக்கு ஒரே பெண். நம் பக்கத்து மனிதர்தான், எப்போதோ போனவர். கடையைப் பார்த்துக்கொள்ளும் மருமகன் அவருக்கு வேண்டும். ஊருக்கு வந்த ஒருவர் கையில் ஓர் அட்டைப் பெட்டி கொடுத்தனுப்பினார். உள்ளே ஷாம்பு, பாலிஷ், ஒரு தட்டையான டப்பாவில் மெழுகு, மஞ்சள் துணி. பையன் இவற்றைப் போட்டுத் துடைத்து போட்டோ அனுப்பட்டும், கை வேலை சரியாக இருந்தால் கனடா வருவதற்குப் பேப்பர் அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தார். சரியாக வராவிட்டால் என்ன ஆகும் என்று அம்மாவிடம் கேட்டேன். என்ன ஆகும், இங்கேயே லாரி ஓட்டிக்கொண்டு கிடப்பான் என்றாள். அம்மா இதைக் கவலையோடு சொன்னாள். எனக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது.

லாரி சும்மா நிற்பது ஞாயிற்றுக்கிழமைதான். ஆனால் அப்போது ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்யக் கூடாதென்று ராணுவத்தின் சட்டம். அதனால் வீட்டுக்குப் பின்னால், ரோட்டிலிருந்து தெரியாத இடத்தில் லாரியை நிறுத்திக்கொண்டு சித்தப்பா ஆரம்பித்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. டப்பாவில் போட்டிருப்பதைப் படித்துச் சொல்வது என் வேலை. முதலில் கண்ணில் படாத இடத்தில் தேய்த்துப் பார்க்கவும் என்று படித்தேன்.

“இந்த லாரியில கண்ணுல படாத எடம் எங்க இருக்குது? எல்லாம் ஊரு பார்த்த எடந்தான்” என்றார் சித்தப்பா.

கடைசியில் டிரைவர் பக்கத்துக் கதவென்று முடிவாயிற்று. முதல் ஞாயிறு ஷாம்பு, அடுத்த ஞாயிறு பாலிஷ். நான் பார்த்தே இராத சிவப்பு மெல்ல மேலே வந்தது. அம்மா கதவில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். சித்தப்பா போயே விடுவார் போலிருந்தது.

மூன்றாவது ஞாயிறு மெழுகு. அதற்கு முந்தின நாள், அம்மா பாத்திரம் தேய்க்க வைத்திருந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து மெழுகு டப்பாவில் போட்டு, விரலால் குழைத்து மூடி வைத்தேன். எட்டு வயதில் எனக்கு இருந்த துணிச்சல் அதற்குப் பிறகு எப்போதும் இருந்ததில்லை.

மறுநாள் சித்தப்பா துணியில் மெழுகைத் தொட்டுக் கதவில் வைத்து ஒரு இழு இழுத்தார். கரகரவென்று சத்தம் கேட்டது. கையை எடுத்தார். துணியைப் பார்த்தார். கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். நான் டப்பா மூடியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஏற்கனவே படித்ததையே திரும்பச் சத்தமாகப் படித்தேன். அப்புறம் மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். முன்பைவிட அழுத்தி, தோள்பட்டை வலிக்க, கதவு முழுக்கத் தேய்த்தார். சரியான ஏமாளி என்று நினைத்துக்கொண்டேன்.

கதவெல்லாம் வட்டவட்டமாகக் கீறல். அப்பா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பெயின்ட் பழசு, தாங்கவில்லை என்றார் சித்தப்பா. அன்று ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆனால் அப்பா விடுகிற ஆளா? டவுனிலிருந்து போட்டோக்காரரைக் கூட்டிவந்து, சாயங்கால வெயிலில், பத்தடி தள்ளி நிற்கவைத்து எடுக்கச் சொன்னார். உள்ளங்கை அளவு போட்டோவில் கதவு தகதகவென்று இருந்தது. ஒரு கீறலும் தெரியவில்லை. பையனுக்குக் கை வேலை நன்றாக வருகிறது, பேப்பர் போட்டாயிற்று என்று அங்கிருந்து பதில் வந்தது.

நாந்தி ஏர்போர்ட்டில் மாலை போட்டு அனுப்பினோம். அம்மா அழுதாள், அப்பாகூட அழுதார். சித்தப்பா மட்டும் அழவில்லை. உள்ளே போகுமுன் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்:

“இன்னும் ரெண்டு பிடி மண்ணு போட்டிருக்கலாம்ல, பாப்பா?”

அப்பா பக்கம் பார்த்தேன். அவர் காதில் விழவில்லை. சித்தப்பா என்னைக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை என்று புரிந்ததும் போன உயிர் திரும்பி வந்தது. கேலி செய்கிறார் என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரிப்பதை நிறுத்தவே இல்லை.