பாலத்துக்கு ஒரு மரண அறிவித்தல்

1. பெரிய முகம், சின்ன முகம்

நாவற்குடாவில் இருக்கும் என் பிளெக்ஸ் கடைக்கு வருகிற வேலைகளில் பாதிக்கு மேல் சாவு வேலைதான். மிச்சம் பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா, அரசியல்வாதிகளுக்கு வரவேற்பு. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் டிசைன் என்றால் நிறமும் ஃபொன்ட்டும் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அதெல்லாம் பிறகு தானாக வரும். யாருடைய முகத்தை எவ்வளவு பெரிதாகப் போடுவது என்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும். கடையில் சண்டை வருவதெல்லாம் அதில்தான்.

அன்று காலை வட்ஸ்அப்பில் ஒரு வேலை வந்தது. அனுப்பியவர் எங்கள் பக்கத்து அரசியல்வாதி ஒருவரின் இணைப்பாளர். இணைப்பாளர் என்றால் ஐயாவின் போனை எடுக்கிறவர், கூட்டத்தில் ஐயாவுக்கு முன்னால் போய்க் கதிரை பிடிக்கிறவர், எந்த ஊரில் யார் செத்தார் என்று ஐயாவுக்குச் சொல்கிறவர். எங்கள் மாவட்டத்தில் கல்யாண வீட்டைத் தவறவிட்ட அரசியல்வாதி இருக்கலாம், செத்த வீட்டைத் தவறவிட்டவர் இல்லை. படுவான்கரையில் சுகந்தி என்ற பெண் பாம்பு கடித்து இறந்துவிட்டாள், அவளுக்கு ஐயாவின் பெயரில் அனுதாப பனர் வேண்டும் என்பதுதான் செய்தி. கூடவே இரண்டு படங்கள். ஐயாவின் படம் ஸ்டுடியோவில் எடுத்தது, பளிச்சென்று இருந்தது. சுகந்தியின் படம் அடையாள அட்டையைப் போனால் எடுத்தது, கலங்கிக் கிடந்தது.

“ஐயாட படம் பெரிசா இரிக்கோணும் அக்கா. அந்தப் புள்ளையின்ட கிளியர் இல்லத்தானே, மூலையில போட்டு விடுங்க” என்று குரல் பதிவும் வந்தது.

அதுதான் வழமை, அப்படியே போட்டேன். ஐயா கைகூப்பிச் சிரித்துக்கொண்டு ஆளுயரத்தில் நின்றார். சுகந்தி கீழே, முத்திரை அளவில் ஒரு வட்டத்துக்குள். அனுதாபத்துக்கு ஏன் சிரிக்கிற படம் என்று கேட்காதீர்கள். அவரிடம் இருப்பது அந்த ஒரு படம்தான், அதே படம்தான் தைப்பொங்கலுக்கும் வரும். மெசின் ஓட்டுகிற நவாஸ் காத்தான்குடிக்காரன், வாய் சும்மா இருக்காது. பிரிண்ட் வெளியே வரும்போது பார்த்துவிட்டு, “விசயம் தெரியாத ஆள் பார்த்தா ஐயாதான் மௌத்தாப் பெயித்தாரு எண்டு நினைப்பான்” என்றான். நானும் சிரித்தேன். ஓரத்தில் கயிறு கட்டுகிற ஐலட் வளையங்களை அடித்து, சுருட்டிக் கொடுத்து அனுப்பினோம்.

2. வந்தவரைப் போகச் சொல்ல முடியாது

சில கிழமைகளுக்குப் பிறகு ஒருவர் கடைக்குள் வந்து, போனில் அந்தப் பனரின் படத்தைக் காட்டினார். நாற்பது வயது இருக்கும், முகத்தில் சவரம் செய்யாத தாடி.

“இத அடிச்சது நீங்கதானே?”

ஓம் என்றேன். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நவாஸும் மெசினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தான். வந்தவர் சண்டை பிடிக்கவில்லை, கதிரையில் இருந்தார். சுகந்தியின் புருசன் யோகராசா என்று தன்னைச் சொன்னார்.

“வீட்டு வாசல்ல கட்டிட்டுப் போனாங்க. என்ட சின்ன மகள் பார்த்திட்டு, இவர் ஏன் சிரிக்காரு எண்டு கேட்டாள். எனக்குச் சொல்ல ஒண்ணாமப் போச்சு” என்றார்.

பிறகு நடந்ததை அவரே சொன்னார். வெளியூர்ப் பிள்ளைகளுக்காக இடத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன். நாங்கள் ஆறு என்று சொல்கிற வாவிக்குக் கிழக்கே கடற்பக்கம் எழுவான்கரை, மேற்கே வயலும் காடும் உள்ள பக்கம் படுவான்கரை. ஆஸ்பத்திரி எழுவான்கரையில். யோகராசாவின் ஊர்த் துறையில் பாலம் இல்லை. இயந்திரம் பூட்டிய ஒரு மிதவைதான் ஆட்களையும் ஓட்டோவையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வரும். அதற்கு எங்கள் ஊரில் ‘பாதை’ என்று பெயர். பாலத்துக்கு அடிக்கல் மட்டும் நட்டிருக்கிறார்கள், தேர்தலுக்குத் தேர்தல் நட்டிருக்கிறார்கள். பழைய கல்லில் ஆடு ஏறி நிற்கும், புதிய கல்லில் பெயின்ட் காய்ந்திருக்காது.

சுகந்தியை வயல் வட்டையில் புல்லுப் பிடுங்கும்போது விரியன் கடித்தது. ஓட்டோவில் போட்டுத் துறைக்குக் கொண்டுவந்தார்கள். பாதை ஆற்றின் நடுவில் நின்றது. தண்ணீரில் படர்ந்து மிதக்கிற ஆற்றுவாழைச் செடி இயந்திரத்தில் சிக்கிவிட்டது. மாரிக்கு அது வழக்கம்தான், பாதைக்காரர்கள் தண்ணீரில் இறங்கி வெட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது வந்துவிடும் என்று நிற்பதா, ரோட்டால் சுற்றிப் போவதா என்று தெரியாமல் நின்றார்கள். நின்று, பார்த்து, கடைசியில் சுற்றிப் போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே அவள் போய்விட்டாள்.

இப்போது முப்பத்தோராம் நாள் சடங்கு வருகிறது. ஐயா நேரில் வீட்டுக்கு வரப்போகிறார், படம் எடுக்கிற ஆளும் வருவார், இன்னும் பெரிய பனரும் வரும் என்று இணைப்பாளர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தேர்தலும் கிட்ட வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன்.

“செத்த வீட்டுக்கு வாற ஆள வராதீங்க எண்டு சொல்ற வழக்கம் நம்மட்ட இல்லயே அக்கா. பகையாளி வந்தாலும் பாய் போடோணும்.”

அது உண்மைதான். எங்கள் பக்கத்தில் செத்த வீட்டுக்கு அழைப்பும் கிடையாது, தடையும் கிடையாது. அந்த வழக்கத்தைத் தெரிந்துகொண்டுதான் இவர்கள் வருகிறார்கள்.

யோகராசா மெசினைக் காட்டிச் சொன்னார்: “பாலத்துக்கு ஒண்டு அடிச்சுத் தாங்க. செத்த ஆளுக்கு அடிக்கிறமாதிரியே. துறையில கட்டப்போறன்.”

3. வெட்டியதும் விட்டதும்

நான் நக்கலுக்குப் பெயர் போனவள். வாசகசாலை மலர்களிலும் கோயில் நோட்டீஸ்களிலும் கூட எங்கேயாவது ஒரு குத்து வைத்துவிடுவேன், ஊரில் தேடி வாசிப்பார்கள். யோகராசா கேட்டதும் கை துறுதுறுத்தது. ஐயாவின் தொப்பை, ஐயாவின் கறுப்புக் கண்ணாடி வாகனம், மேடையில் ஐயா அழுத அழுகை, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே இருப்பில் எழுதினேன். நவாஸ் வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

யோகராசா சிரிக்கவில்லை. ஒரு வரி விடாமல் வாசித்தார்.

“இதப் பார்த்தா சனம் சிரிக்கும்” என்றார்.

“சிரிக்கத்தானே தம்பி எழுதினது.”

“ஓம். சிரிச்சிட்டு வீட்ட போயிரும். அவள் துறையில காத்துக் கிடந்தமாதிரி ஒருத்தரும் அதுல நிக்க மாட்டாங்க.”

ஆளைப் பற்றி ஒன்றும் வேண்டாம், பாலத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள் என்றார். சுகந்தியின் பெயரும் அதற்குள் வரக்கூடாது. எனக்குக் கோபம் வந்தது. இந்த வயதில் என் எழுத்தை வெட்டச் சொல்ல இவர் யார் என்று மனதுக்குள் கறுவினேன். ஆனால் பெண்சாதியைப் பறிகொடுத்தது அவர், நான் இல்லை. தொப்பை போனது, வாகனம் போனது, அழுகையும் போனது. மரண அறிவித்தலுக்கு வைத்திருக்கிற வழக்கமான டெம்பிளேட்டைத் திறந்து, அதன் சொற்களை மாற்றாமல் எழுதினேன். கறுப்புக் கரை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே பூமாலை. இதுதான் வாசகம்:

“எழுவான்கரையைப் பிறப்பிடமாகவும், தேர்தல் மேடைகளை வதிவிடமாகவும் கொண்ட திரு. பாலம் அவர்கள் காலமானார். அன்னார் காலஞ்சென்ற அடிக்கல் அவர்களின் அன்புப் புதல்வரும், மதிப்பீடு, மறுமதிப்பீடு ஆகியோரின் பாசமிகு சகோதரரும், வாக்குறுதி அவர்களின் பேரனும் ஆவார். அன்னாரின் பூதவுடலைப் பார்க்க விரும்புவோர் துறையில் நின்று ஆற்றைப் பார்க்கவும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: பாதைக்குக் காத்து நிற்போர்.”

படம் போடுகிற வட்டத்துக்குள் என்ன போடுவது என்று கேட்டேன். யோகராசா துறையில் நின்று எடுத்த ஒரு படத்தை அனுப்பினார். வெறும் தண்ணீர், தூரத்தில் அக்கரை, வேறு ஒன்றுமில்லை. அதைப் போட்டேன். நவாஸ் இந்த முறை சிரிக்கவில்லை.

பிரிண்டுக்குக் கொடுக்கும்போது, “கடைப் பேரு போடவா, வேணாமா அக்கா?” என்று அவன் கேட்டான். எல்லாப் பனரிலும் கீழ் மூலையில் சின்னதாக எங்கள் கடைப்பெயர் இருக்கும். ஐயாவின் அலுவலக வேலையெல்லாம் எங்களிடம்தான் வந்துகொண்டிருந்தது, அதனால்தான் கேட்டான். யோசித்துப் பார்த்தேன். பெயர் இல்லாமல் போட்டால் அது மொட்டைக் கடிதம். எதிர்க்கட்சிக்காரன் செய்த வேலை என்று அடுத்த நாளே கிழித்துவிடுவார்கள், பழி யோகராசாவின் தலையில் விழும். போடு என்றேன். தன் வேலையும் சேர்ந்து போகலாம் என்று தெரிந்துகொண்டுதான் அவனும் போட்டான்.

4. துறையில்

முப்பத்தோராம் நாளன்று நானும் போனேன். யோகராசாவும் ஊர்க்காரர்களும் விடியவே இக்கரைக்கு வந்து, எழுவான்கரைத் துறையில் இரண்டு கம்பு நட்டுப் பனரைக் கட்டியிருந்தார்கள், முன்னால் ஒரு செம்பில் பூ. பாதைக்குக் காத்து நின்ற சனம் வாசித்துக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு யாரோ சுகந்தியின் பெயரை மெதுவாகச் சொன்னார்கள், சிரிப்பு நின்றுவிட்டது. பாதை ஆற்றின் நடுவில் நின்றது. அன்றைக்கும் ஆற்றுவாழைதான்.

ஐயாவின் வாகனம் வந்தது. வெள்ளை உடுப்போடு இறங்கினார். இணைப்பாளர் கையில் மலர்வளையம், அதன் குறுக்கே ஐயாவின் பெயர் எழுதிய ரிபன். படம் எடுக்கிறவர் முன்னால் ஓடினார். ஐயாவுக்குக் கறுப்புக் கரையும் குத்துவிளக்கும் பூமாலையும் கண்ணில் பட்டதுதான் தாமதம், செருப்பைக் கழற்றிவிட்டுப் பனருக்கு முன்னால் போய் நின்று, கைகூப்பி, தலை குனிந்தார். ஆயிரம் செத்த வீட்டுப் பழக்கம் அது, கை தானாகவே கூப்பிக்கொள்ளும். படம் எடுக்கிறவரும் பழக்கத்தில் எடுத்துவிட்டார்.

தலை நிமிர்ந்த பிறகுதான் ஐயா வாசித்தார். வாசிக்க வாசிக்கக் கை மெல்லக் கீழே இறங்கியது. ஒருவரும் ஊளையிடவில்லை, ஒருவரும் வாய் திறக்கவில்லை. கூச்சல் போட்டிருந்தால் அவருக்கு அது சுகமாக இருந்திருக்கும். அதற்குப் பதில் சொல்ல அவருக்குத் தெரியும்.

யோகராசா கிட்டப் போய் மரியாதையாகச் சொன்னார்: “வாங்க ஐயா. வீடு அக்கரையில. பாதை ஆற்றுவாழையில மாட்டிக் கிடக்கு. நில்லுங்க, வரும்.”

“எவ்வளவு நேரம் எடுக்கும்?”

“தெரியாது ஐயா. அண்டைக்கு நாங்களும் இதத்தான் கேட்டம்.”

ஐயா நின்றார். நிழல் இல்லை. காத்து நிற்கிற இடத்துக்குக் கூரை போடுவதாகச் சொல்லி அதுவும் போடப்படவில்லை. வெயில் ஏறியது. ஆற்றைப் பார்த்தார், போனைப் பார்த்தார், வேறு இடமில்லாமல் பனரையும் பார்த்தார். ரோட்டால் சுற்றிப் போவோமா என்று இணைப்பாளர் காதுக்குள் கேட்டதற்கு, “சுத்திப் போனா நேரம் போயிரும்டா” என்றார். அது எல்லோருக்கும் கேட்டது. யோகராசா மறுபக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வேறு கூட்டம் இருக்கிறது, மறுகா ஒரு நாள் வாறன் என்று யோகராசாவின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு ஐயா வாகனத்தில் ஏறினார். இணைப்பாளர் மலர்வளையத்தோடு தடுமாறினார். வாகனத்துக்குள் திரும்பக் கொண்டுபோக முடியாது, செத்த வீட்டுக்குக் கொண்டுவந்த வளையத்தைத் திருப்பிக் கொண்டுபோகிற வழக்கமும் இல்லை. அவசரத்தில் பனரின் காலடியில் சாய்த்துவிட்டு ஓடினார். ஐயாவின் பெயரோடு அந்த வளையம் பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பாதை வந்தபோது நாங்கள் அக்கரைக்குப் போனோம். ஐயாவின் பெரிய பனர் அக்கரைக்கு வந்து சேரவில்லை. வீட்டு வாசலில் ஒரே ஒரு பனர் இருந்தது, நான் செய்து கொடுத்தது. வீட்டார் கொடுத்த கல்யாணப் படத்திலிருந்து சுகந்தியை மட்டும் எடுத்துப் பெரிதாக்கியிருந்தேன். வேறு முகம் இல்லை. சின்ன மகள் அதன் கீழே இருந்து சோறு தின்றுகொண்டிருந்தாள்.

5. பிறகு

அடுத்த நாளே இணைப்பாளர் கடைக்கு வந்தார். யார் எழுதியது என்று கேட்டார். கீழே பெயர் இருக்கிறதே தம்பி, நான்தான் என்றேன். அந்தத் தேர்தலுக்கு அவர்களின் வேலை ஒன்றும் எங்களுக்கு வரவில்லை. நவாஸும் நானும் சாவு வேலையிலும் திருவிழாவிலும் சமாளித்தோம். அதன் பிறகு கடையில் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன்: அனுதாபம் சொல்கிறவரின் முகம் இறந்தவரின் முகத்தை விடப் பெரிதாக வராது. முடியாது என்கிறவர்கள் வேறு கடைக்குப் போகலாம்.

நையாண்டி எழுத ஆசைப்பட்டு என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது யோகராசாவிடம் கற்றதைத்தான். தொப்பையை எழுதினால் தொப்பைக்குச் சிரிப்பார்கள், அதோடு முடிந்துவிடும். யார் எங்கே காத்து நிற்கிறார்கள் என்று முதலில் போய்ப் பாருங்கள். பிறகு எழுதுங்கள், எழுதினால் பெயரைப் போடுங்கள்.

பாலம் இன்னும் வரவில்லை. அந்தப் பனரைப் பாதைக்காரர்கள் வீணாக்கவில்லை. துறையில் நாலு கம்பு நட்டு, அதையே கூரையாகக் கட்டிவிட்டார்கள், எழுத்துப் பக்கம் கீழே பார்க்க. நிழலுக்கு ஒதுங்குகிறவர்கள் அண்ணாந்து வாசிக்கிறார்கள். சிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். சிரித்துவிட்டு அவர்களும் அங்கேயே நிற்கிறார்கள்.