எங்கேஜாகக் கிடந்த டெலிபோன்

வினோதா வீட்டை விட்டு வெளியே போக வேண்டுமானால் முதலில் இணையத்தை ஓடவிட வேண்டும்.

கந்தப்பளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடியிருக்கும் லயம் ஒன்றின் கடைசி வீடு அவளுடையது. புருஷன் விஜிதரன் கட்டாரில் ஹோட்டல் வேலை. அதற்கு முன் தோட்ட ஆபீசில் கிளார்க்காக இருந்தவன் என்பதால் கம்பியூட்டரும் டெலிபோனும் வீட்டில் இருந்தன. லயத்துக்கே அது ஒரே டெலிபோன். பகலில் அந்த வீட்டுக் கதவைப் பூட்டுவதில்லை. மணி அடித்தால் பக்கத்தில் இருப்பவர் உள்ளே போய் எடுப்பார், யாருக்கு என்று கேட்டு வாசலில் நின்று குரல் கொடுப்பார். அது லயத்து வழக்கம்.

வினோதா நுவரெலியா அச்சகம் ஒன்றுக்குக் கல்யாணக் கார்டும் மரண அறிவித்தலும் டைப் செய்து மெயிலில் அனுப்புவாள். விஜிதரன் தன் மதியச் சாப்பாட்டு வேளையில் கூப்பிடுவான். முதல் கேள்வி என்றைக்கும் ஒன்றுதான்.

"வீட்லதான இருக்க?"

போர் முடிந்த மறு வருடம் டவுனில் நோயாளி பராமரிப்பு வகுப்பு தொடங்கினார்கள். வாரத்தில் மூன்று மதியம். படுக்கையில் கிடப்பவரை நோகாமல் புரட்டுவது, முதுகில் புண் வராமல் பார்ப்பது, புரையேறாமல் கஞ்சி ஊட்டுவது. கடைசிப் பரீட்சையில் தேறினால் நுவரெலியா முதியோர் இல்லத்தில் வேலை உறுதி. அவள் விஜிதரனிடம் கேட்டாள்.

"ஊரான் பீ மூத்திரத்த நீ அள்ளுறதுக்கா நான் இங்க வந்து கெடக்கேன்?"

பேச்சு அத்துடன் முடிந்தது. மறுநாள் அவள் பெயர் கொடுத்துவிட்டாள்.

அந்தக் காலத்து இணையம் டெலிபோன் கம்பியிலேயே டயல் செய்துதான் வரும். அது ஓடும்வரை வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் எங்கேஜ் சத்தம்தான். வகுப்பு நாளில் கனமான படம் ஒன்றை இறங்கவிட்டு, அறுந்தால் தானே மறுபடி டயல் செய்யும்படி வைத்துவிட்டு, பஸ் ஏறிவிடுவாள். மலையில் கொழுந்து பறிக்கும் மாமியார் அதை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வருமுன் திரும்பி அடுப்பு மூட்டியிருப்பாள். பொழுது சாய்ந்து விஜிதரன் கூப்பிட்டால், நெட் ஆமையாய் ஊர்கிறது, ஒரு படம் வருவதற்குள் பகலே போய்விடுகிறது என்று அலுத்துக்கொள்வாள். அவன் நம்பினான். அளவுக்கு மேலேயே நம்பிவிட்டான்.

ஒருநாள் டவுனில் போன் கடை வைத்திருக்கும் ரிஃகான், கம்பி வேலைக்காரர் ஒருவருடன் வாசலில் வந்து நின்றார்.

"உங்க மாப்பிள்ள சொன்னாரு தங்கச்சி. பாவம், புள்ள நாள் முழுக்கக் குந்திக்கிட்டு இருக்குதுன்னு. இனிமே புரோட்பேண்ட்."

"பழசும் ஒரு பக்கம் இருந்துட்டுப் போகட்டுமே, ரிஃகான் நானா."

"கார் வாங்கின பொறகு மாட்டு வண்டிய யாரு கட்டி வப்பாங்க? அத வெட்டியாச்சு. இனி நெட்டும் ஓடும், போனும் அடிக்கும். அதுதான் இதுல விசேஷமே."

வினோதா அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். கை வேலையைச் செய்தது, மனம் கணக்குப் போட்டது. ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் போகலாம். ஆனால் நெட் காரணம் போய்விட்ட பிறகு, பகல் முழுக்க யாரோடு பேச்சு என்று கேட்பான். அது இதைவிட மோசம். அடித்தால் அடிக்கட்டும், பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பரீட்சைக்கு முன் இரண்டே வகுப்புகள். துணிந்து போனாள்.

மதியங்களில் ஊமையாகக் கிடந்த டெலிபோனுக்குப் பழகிப்போய், லயத்து வழக்கத்தை அவள் மறந்திருந்தாள்.

திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு வீரய்யா அவளுக்காகவே காத்திருந்தார். ஃபெக்டரியில் வேலை செய்து ஓய்ந்தவர். முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி கூப்பிட்டிச்சும்மா. நான்தான் எடுத்தேன். புள்ள நர்சு படிப்புக்குப் போயிருக்கு, ஒரு நாள் தவற மாட்டா, நீ குடுத்து வச்சவன்டான்னேன்."

அவரிடம் கோபித்து என்ன ஆகப்போகிறது? சரிங்க மாமா என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

விஜிதரன் கத்தவில்லை. ரிஃகானிடம் சொல்லி, கம்பியூட்டரில் மாட்ட ஒரு கேமரா அனுப்பினான். தினமும் தன் சாப்பாட்டு வேளை முடியும்வரை அவள் அதன் முன் உட்கார வேண்டும் என்றான். அவன் சோறு தின்பதை அவள் பார்த்தாள். அவள் சும்மா உட்கார்ந்திருப்பதை அவன் பார்த்தான். அடுத்த வகுப்பு அப்படியே போனது. பரீட்சையும் போனால் இன்னொரு வகுப்பு நடக்குமா என்று யாருக்கும் தெரியாது.

படிப்புக்குப் போகவில்லையா என்று வீரய்யா கேட்டார். நடந்ததை இரண்டு வரியில் சொன்னாள். அவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். பிறகு எழுந்து போனார்.

பரீட்சை நாளில் வினோதா வெள்ளைச் சீருடையோடு கேமரா முன் உட்கார்ந்தாள்.

"என்னா உடுப்பு இது?"

"இன்னைக்குப் பரீட்சைங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"எந்திரிச்சுதான் பாரேன்."

"நீங்க பாத்துக்கிட்டே இருங்க. இப்பதான் அறுந்து போகாம ஓடுதே."

நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டு வெளியே வந்தாள். செருப்பை மாட்டுமுன் டெலிபோன் அடித்தது. ஒரே கூரைக்குக் கீழே அத்தனை வீட்டுக் காம்பிராக்களிலும் கேட்கும் சத்தம். வாசலில் இருந்த வீரய்யா பழக்கத்தில் பாதி எழுந்தார். அவளுடைய உடுப்பைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்துகொண்டார். அந்தப் பக்கம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவளும் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

மணி நின்றது. மறுபடி தொடங்கியது. கற்படிகளில் இறங்கி, தேயிலை மலைக்கு நடுவே றோட்டைப் பிடிக்கும்வரை அது அவள் பின்னாலேயே வந்தது. திரும்பி வரும்போதும் அடித்துக்கொண்டுதான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வளைவில் பஸ் திரும்பியது. அவள் கையைக் காட்டினாள்.