மச்சாளுக்கு ஒரு இத்தாலிய வாக்கியம்

ஒஸ்லோ மத்திய நிலையத்தில் ரயிலுக்காக நிற்கிறேன். பக்கத்தில் ஒரு பெண் எதையோ முணுமுணுத்துப் பழகுகிறார். நானும் தமிழ் என்று தெரிந்ததும் வெட்கத்தோடு சிரிக்கிறார். ஹவுகெட்டோவில் வசிக்கிறாராம். பலெர்மோவிலிருந்து விமானத்தில் வந்திறங்கிய அவருடைய தம்பியும் அவனுடைய இத்தாலிய மனைவியும் விமான நிலைய ரயிலில் வருகிறார்களாம்.

"தம்பிக்குக் கிட்னி குடுத்தது அவன்ரை மனுசி, என்ரை மச்சாள்தான். அவையின்ரை கலியாணத்துக்கே நாங்கள் ஒருத்தரும் போகேல்லை."

"கிராட்சியேன்னு நன்றி சொன்னாப் போதாதா?"

"அதைக் கடையிலையும் சொல்லலாம். நான் 'தி வோல்யோ பேனெ' எண்டு சொல்லப்போறன். உங்களிலை எனக்குப் பாசம் எண்டு அர்த்தமாம். என்னோடை வேலை செய்யிற இத்தாலிக்காரி சொல்லித் தந்தவ."

ரயில் வந்து நிற்கிறது. தம்பி கையை விரித்தபடி இறங்குகிறான். அக்கா அவனைத் தாண்டிப் போய், பின்னால் பெட்டியோடு இறங்கும் மனைவியின் கையைப் பிடிக்கிறார். முதலில் "கிராட்சியே" என்கிறார். பிறகு தட்டுத்தடுமாறி மற்றதையும் சொல்லிவிடுகிறார்.

மனைவி பெட்டியைக் கீழே வைக்கிறார். அதே வாக்கியத்தை மெதுவாகத் திருப்பிச் சொல்லி அக்காவை இறுக அணைத்துக்கொள்கிறார்.

"அக்கா, நானும் வந்திருக்கிறன்," என்கிறான் தம்பி.

இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.